கேமரா பார்த்ததை மட்டும்

அந்தப் போனக் கொஞ்சம் பைக்குள்ள வச்சிருங்க தம்பி. கோச்சுக்காதீங்க. நீங்க படம் பாக்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அது நம்மளப் பாக்குது, அதான். கவுத்தி வச்சாலும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும். உள்ள வச்சு மேல துண்டப் போட்டு மூடிட்டா கொஞ்சம் பரவால்ல. ம், அப்படித்தான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தி எங்க வீட்டு அடுப்படியில நானும் என் சம்சாரமும் மட்டும் இருக்கோம். எனக்கு மூலம் இருக்கு. உக்காந்தே பாக்குற தொழிலு, வரத்தான செய்யும். அதப் பத்தி ரெண்டு வார்த்த பேசினோம், அவ்வளவுதான். மறுநாள் கடையில ஒரு அம்மா மகனோட மார்க் சீட்ட என் போனுக்கு அனுப்பிட்டு, பிரிண்ட் எடுக்கச் சொல்லி என் தோளுக்குப் பின்னாடியே நிக்குது. போனத் திறக்குறேன். 'மூலத்துக்கு ஆபரேசன் இல்லாத வைத்தியம்'னு பெருசா ஒரு விளம்பரம். அந்தம்மா என்னப் பாத்துச்சு, நான் அந்தம்மாவப் பாத்தேன். வென்னீர்ல உக்காருங்கண்ணேன்னுச்சு. இது என்ன நியாயம் சொல்லுங்க. என் மூலம் யாருக்குத் தெரியணும்னு முடிவு பண்ண வேண்டியவன் நானா, அவனா?

எம்பேரு தனுஷ்கோடி. தாலுகா ஆபீசுக்கு எதித்தாப்புல ஜெராக்ஸ் கடை, இருபத்திரெண்டு வருசமா. ஊருல இருக்குற அத்தனை பேரு ஆதார் கார்டும் என் கையில பட்டுத்தான் போகும். பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, விவாகரத்து மனு, டாக்டர் சீட்டு, எதுன்னு இல்ல. ஆனா ஒருத்தர் விஷயத்த இன்னொருத்தர்கிட்ட தனுஷ்கோடி சொன்னான்னு ஒரு பேச்சு வந்திருக்கா? வராது. நான் எதையும் படிக்கிறது கிடையாது. கண்ணுல படும், அம்புட்டுதான். எங்க ஊரு அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல ஒருத்தருக்கு ரெண்டு குடும்பம். ரெண்டு ரேசன் கார்டுக்கும் நாந்தான் காப்பி எடுத்துக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட வாயத் திறந்ததில்ல. உங்ககிட்டகூட அவரு பேரச் சொல்ல மாட்டேன். குண்டா, மீசையில்லாம இருப்பாரு, விடுங்க.

சரியா விழாத காப்பிய மட்டும் கட்டாக் கட்டிக் கடலைக்காரருக்குக் குடுத்துருவேன். ஒரு நாளு தாசில்தாரம்மா கடலை வாங்கித் தின்னுட்டுப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தா, அவங்க மாமியாரோட பென்சன் புத்தகம். கடைக்கே வந்து சத்தம் போட்டாங்க. மங்கலா விழுந்ததுதானம்மா, யாரு படிக்கப் போறான்னேன். அரசாங்கம் வச்சிருக்குறது மங்கலாவா இருக்கு? கலருல, தெளிவா வச்சிருக்கான். ரேகைய வாங்கினான், கண்ணப் படம் புடிச்சான், இப்ப மொகத்தையும் கேக்குறான். எதுக்குன்னா உங்க நன்மைக்குங்குறான். என் நன்மை எனக்குத் தெரியாதா?

இவ்வளவு வெவரமா இருக்குற எனக்கு, இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கலெக்டர் ஆபீசுல விசாரணை. எதுக்குன்னு நெனக்கிறீங்க? என் கடைக் கேமரா எடுத்த படத்தக் கொண்டு வந்து காட்டணுமாம். கேட்டு மனுப் போட்டது வேத்தாள் இல்ல, அருணகிரி அண்ணன். அந்தா, இதே பஸ்சுல முன்னால வலது பக்கம் ஜன்னலோரமா, வெள்ளச் சட்ட, காலருக்குள்ள கர்சீப்பு மடிச்சு வச்சிருக்காரே, அவரேதான். நாலு மாசமா எனக்கும் அவருக்கும் சரியாப் பேச்சு கிடையாது.

அவரு மனு எழுதுறவரு. என் கடைத் தகரத்துக்கு அடியில ஒரு ஸ்டூலு, மடியில ஒரு பலகை, பதினெட்டு வருசமா அங்கதான். என் மக கல்யாணத்துல பந்தியில நின்னு கடைசி ஆளு சாப்புடுற வரைக்கும் பரிமாறுனவரு. அவரு எழுதுறதெல்லாம் என்கிட்டத்தான் காப்பிக்கு வரும். தொழில்ல அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடிச்சதும் மனுவ மொதல் வரியில இருந்து வாசிச்சுக் காட்டுவாரு. படிச்சவனா இருந்தாலும் சரி, வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவாரு. தன் மனுவத் தன் காதால கேட்டாத்தான் அதுல எது பொய்யின்னு மனுசனுக்குத் தெரியும்பாரு. நெசந்தான். பாதிப் பேரு நடுவுல நிறுத்தி, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்கய்யான்னு தலையச் சொறிவாங்க. இவரும் மறு பேச்சுப் பேசாம வேற தாள எடுத்து வேற எழுதுவாரு.

போன வருசம் போலீஸ்காரங்க எங்க பஜாருக் கடைக்காரங்க எல்லாரையும் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்புட்டாங்க. ஒவ்வொரு கடையும் ரோட்டப் பாத்து ஒரு கேமரா வைக்கணுமாம். எல்லாரும் பாதாம்பாலக் குடிச்சுக்கிட்டுத் தலையாட்டுறாங்க. நான் எந்திரிச்சேன். பொண்டு பிள்ளைக நடக்குற ரோடு சார், யாரு யாரப் பாக்கப் போறாங்கன்னு எதுக்கு நான் படம் புடிச்சு வைக்கணும், இது வேவு பாக்குற வேலை, நான் ஜெராக்ஸ் கடைக்காரன்னு கேட்டேன். எஸ்.ஐ. சாரு பொறுமையாக் கேட்டாரு. நல்ல கருத்து, அத எழுத்துல குடுங்க, கேமராவ மாட்டிட்டுக் குடுங்கன்னாரு.

உறுதிமொழின்னு கையெழுத்துப் போட ஒரு பாரம் குடுத்தாங்க. 'எனது கடையில் கேமரா பொருத்தப்பட்டு நல்ல முறையில் இயங்கி வருகிறது.' பஜாருக்கே அந்த பாரத்த நாந்தான் நூத்தி நாப்பது காப்பி போட்டுக் குடுத்தேன். எனக்குக் கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல? மதுரைக்குப் போனேன். அங்க பொம்மைக் கேமரான்னு விக்கிறாங்க. பாத்தா அசலுதான். உள்ள ஒண்ணுமே கிடையாது, வெறும் டப்பா. ரெண்டு பேட்டரி போட்டா செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியும். கொண்டாந்து மாட்டி, பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். யாரையும் வேவு பாக்காத கேமரா. அத விட நாணயமான கேமரா உலகத்துல உண்டா தம்பி? எனக்கு அதுல பெருமைதான்.

ஆனா அதுக்கப்புறம் நடந்தத நீங்க நம்ப மாட்டீங்க. என் கடைச் செவத்துல ஒண்ணுக்கு ஒதுங்குறவங்கள நிறுத்தணும்னு பத்து வருசமா மூணு மதத்துச் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டி வச்சிருந்தேன், ஒருத்தனும் நிறுத்தல. இந்த டப்பாவ மாட்டுனேன், மறுநாளே நின்னுருச்சு. மூணு சாமி பண்ணாதத ரெண்டு பேட்டரி பண்ணுச்சு.

அப்புறம் கேக்க ஆரம்பிச்சாங்க. மொதல்ல ஒரு டீச்சரம்மா. குடைய இங்கதான் மறந்து வச்சேன், யாரு எடுத்தான்னு கேமராவுல பாத்துச் சொல்லுங்கன்னுச்சு. கல்லாவுல உக்காந்தா எனக்கு ரோடு முழுக்கத் தெரியும், யாரு எடுத்தான்னு நானே பாத்தேன். இருந்தாலும் கேமராவக் கேக்குறாங்களே, இல்லன்னு சொல்ல முடியுமா? படம் ஓடுற மெசின் உள்ள இருக்குற மாதிரி, கடைக்குள்ள தொங்குற திரைக்குப் பின்னால போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்து, பதினொன்னே முக்காலுக்கு நீலச் சேல கட்டுன அம்மான்னு சொன்னேன். குடை வந்துருச்சு. அதுக்கு முந்தி இதே பஜார்ல ஒரு அடிதடி. யாரு மொதல்ல கை நீட்டுனதுன்னு கண்ணால பாத்தவன், சொன்னேன். நீ அவனுக்கு வேண்டியவன், அப்படித்தான் சொல்லுவன்னு என் வாய அடச்சாங்க. இப்பவும் அதே கண்ணுதான், அதே வாய்தான். நடுவுல ஒரு சொம்பு தண்ணி. கையெடுத்துக் கும்புடுறாங்க.

மகன் டியூசனுக்குப் போறானா, புருசன் எந்தக் கடையில நிக்கிறாரு, எல்லாம் கேப்பாங்க. சொல்லுவேன். ஒரு பய அவங்கப்பன்கிட்ட வாங்குன அடியில ரெண்டு நாள் சாப்புடலையாம். அவன் நன்மைக்குத்தான சொல்றது. ஒண்ணுகூடத் தப்பாப் போனதில்ல தம்பி, அதையும் சொல்லணும்.

நாலு மாசத்துக்கு முந்தி, ஒரு வியாழக்கெழம. தாலுகா ஆபீசு டைப்பிஸ்ட் கனகவல்லின்னு ஒரு பொண்ணு, ஸ்கூட்டிய எப்பவும் என் கடை முன்னாலதான் நிறுத்தும். மத்தியானம் வந்து பாத்தா வண்டி இல்ல. அழுதுக்கிட்டே ஸ்டேசனுக்குப் போயிருச்சு. அர மணி நேரத்துல எஸ்.ஐ. சாரு வந்துட்டாரு. நேரா டப்பாவுக்கு அடியில வந்து நின்னு அண்ணாந்து பாக்குறாரு. இது ஓடுதாய்யான்னாரு. நல்ல முறையில் இயங்கி வருகிறது சார்னேன். பாத்துச் சொல்லுன்னாரு.

திரைக்குப் பின்னால போனேன். ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன். வெளிய அவரு பூட்ஸ் சத்தம் கேக்குது. வண்டிய யாரு எடுத்தான்னு நான் பாக்கல, அந்நேரம் ஒரு பத்திரம் எழுவது பக்கம் காப்பி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுமே தெரியலன்னா டப்பா மேல சந்தேகம் வரும்ல? நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். வெளிய வந்து அதச் சொன்னேன். "பதினொன்னே காலுக்கு அருணகிரி வண்டிகிட்ட நிக்கிறாரு சார். சீட்டு மேல கை வச்சிருக்காரு. அப்புறம் ஒரு லாரி வந்து மறைக்குது."

லாரி நானாச் சேத்ததுதான். சும்மா ஒரு பேச்சுக்கு. மத்ததெல்லாம் நெசம். அவரு நின்னாரு, கை வச்சாரு. எதுக்கு வச்சாருன்னா, அவருகிட்ட மனுத்தாள் கட்டு வர்ற பழைய அட்டைக கெடக்கும். வெயில் ஏறுச்சுன்னா எந்திரிச்சுப் போயி, அங்க நிக்கிற வண்டி ஒவ்வொண்ணு சீட்டு மேலயும் ஒரு அட்டையப் போட்டுட்டு வருவாரு. வெளிய வர்றவங்க தொடை பொசுங்காம உக்காரட்டும்னு. பதினெட்டு வருசமா தினமும் செய்றதுதான்.

தெரியும் தம்பி. எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா கேமராவுக்குத் தெரியாதுல்ல? கேமரா பதினெட்டு வருசமாவா பாத்துச்சு? அட்ட அந்த வண்டியோடயே போயிருச்சு. கேமரா பாத்ததச் சொல்லுன்னு கேட்டா கேமரா பாத்தத மட்டுந்தான சொல்லணும். நான் என் இஷ்டத்துக்கு, அவரு நல்ல மனுசன், அவரு அட்ட போடுறவருன்னு கூடக் குறையச் சொன்னா அது நியாயமா?

எஸ்.ஐ. படத்தக் காப்பி போட்டுக் குடுன்னாரு. டிஸ்க் நெறஞ்சு போச்சு சார், பாத்தவுடனே அழிஞ்சுருச்சுன்னேன். அவருக்கும் அவசரம். 'கேமரா பதிவு பார்க்கப்பட்டது'ன்னு நோட்டுல எழுதிக்கிட்டாரு. அண்ணன் அப்ப ஒரு பாட்டிக்கு முதியோர் பென்சன் மனு வாசிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தாரு. பாதியில எந்திரிச்சு அவங்ககூடப் போனாரு.

ரெண்டு நாளு வச்சிருந்தாங்க. மூணாம் நாளு வண்டி தானா வந்துருச்சு. அந்தப் பொண்ணோட கொழுந்தன், வீட்டுல இருந்த இன்னொரு சாவியப் போட்டு எடுத்துக்கிட்டு எங்கயோ கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருக்கான். போன அணச்சு வச்சிருந்திருக்கான். அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி விட்டாங்க.

முடிஞ்சுதான போச்சுன்னு நெனச்சேன். முடியல. வண்டி கெடச்சது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களும், கேமராவுல விழுந்தவருப்பா, சும்மாவா காட்டும்னு ஒரு மாதிரிப் பேசிக்கிட்டாங்க. பத்திரம், பட்டா, நகை அடகுச் சீட்டு எல்லாத்தையும் நம்பி அவரு மடியில வச்சவங்க, இப்ப அவரக் கண்டா பையக் கக்கத்துல இடுக்குறாங்க. ஒரு நாளைக்குப் பதினஞ்சு மனு எழுதுனவரு ஒண்ணு ரெண்டு எழுதுறாரு. சில நாளு அதுவும் இல்ல. சும்மா பேனாவத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. பாக்க எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஸ்டேசன்ல இருந்து வந்த மறுநாளே என்கிட்ட வந்தாரு. கோவமா ஒண்ணும் வரல. "அந்தப் படத்த எனக்கு ஒரு தடவ காட்டு தனுஷ்கோடி. நான் அதுல எப்படி இருக்கேன்னு பாக்கணும்"னாரு. அழிஞ்சு போச்சுண்ணேன்னேன். சரின்னுட்டுப் போயிட்டாரு. அடுத்த நாளு வந்து அதே கேள்வி. அதுக்கடுத்த நாளும். ஒரு வாரம் கேட்டாரு. எட்டாம் நாளு வந்து ஸ்டூலத் தூக்கிக்கிட்டுப் போயி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபீசு காம்பவுண்டு ஓரமாப் போட்டுக்கிட்டாரு. அங்க நெழலு கிடையாது. நேர என் கடையப் பாத்த மாதிரி உக்காந்திருப்பாரு. தினமும் ஒருத்தர் எதுக்க உக்காந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும் சொல்லுங்க. மத்தியானச் சோத்தத் திரைக்குப் பின்னால போயித்தான் தின்னேன்.

போன மாசம் கையில தாளோட வந்தாரு. நாலு காப்பின்னாரு. கலெக்டருக்கு ஒண்ணு, டி.எஸ்.பி.க்கு ஒண்ணு, தாசில்தாருக்கு ஒண்ணு, தன் கையில வச்சுக்க ஒண்ணு. தாள நீட்டல, எதுக்க நின்னு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. வழக்கம் போல அனுப்புநர், பெறுநர். அப்புறம், "பொருள்: கண்காணிப்புக் கேமரா பதிவை எனக்குக் காட்ட உத்தரவிட வேண்டி." அப்புறம் வெவரம். "மேற்படி கேமராவில் நான் திருட்டில் ஈடுபடும் விதமாகத் தெரிந்ததாகக் கடை உரிமையாளர் பார்த்துச் சொல்லியுள்ளார். அறுபத்தொரு வயதாகும் நான் இதுவரை என்னை அந்த விதமாகப் பார்த்ததில்லை. ஆகவே ஒரு முறை பார்க்க விரும்புகிறேன்."

அதோட நிறுத்திட்டு, கண்ணாடிக்கு மேல என்னப் பாத்தாரு. "ஏதாவது வரிய எடுக்கணுமா தனுஷ்கோடி?"ன்னாரு.

எழுத்து நல்லா இருக்குண்ணே, டோனர் இன்னைக்குத்தான் மாத்துனேன், தெளிவா விழும்னேன். விழுந்துச்சு. நாலும் ஒண்ணு போல விழுந்துச்சு. மங்கலா ஒண்ணுகூட இல்ல.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக் கடுதாசி வந்த அன்னைக்கு வீட்டுல ஒரே பேச்சு. என் சம்சாரம் ஜெயக்கொடிக்கு டப்பா வெவரம் தெரியும். அந்த மனுசன் கால்ல போயி விழுங்க, விழுந்து உள்ளதச் சொல்லுங்கன்னா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, உறுதிமொழி எழுதிக் குடுத்திருக்கேன், போலீசுக்குப் பொய் சொன்னான்னு என்னத் தூக்கி வைப்பாங்கன்னேன். அவரத் தூக்கி வச்சப்ப எங்க போச்சு இந்தப் பயம்னு கேட்டா. பொம்பளைக பேசுவாக.

போன வாரம் நெசக் கேமராவே வாங்கி மாட்டிட்டேன். ஆபீசருங்க கடைக்கு வந்து பாத்தா ஒண்ணு ஓடணும்ல? விக்கிறவன்கிட்ட, பழைய படம் ஏதாவது இதுல எடுக்க முடியுமான்னு கேட்டுப் பாத்தேன். அவன் என்ன ஒரு மாதிரிப் பாத்தான். ஆனா பரவால்ல, சாமான் நல்ல சாமான். எங்க இருந்தாலும் இந்தப் போன்லயே தெரியும். காட்டுறேன் பாருங்க. இந்தா. கல்லாவுல ஜெயக்கொடி. பேசுறதுகூடக் கேக்கும். சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. யார்கூட? ஆளு தூணுக்கு மறைவுல நிக்கிறான். என்கிட்ட இப்படிச் சிரிச்சுப் பேசி எத்தன வருசம் ஆச்சு. சரி விடுங்க, போயிக் கேட்டுக்கிறேன்.

எங்க விட்டேன்? ஆங், காலையில. ஆறு மணி பஸ்சுக்கு வந்து நிக்கிறேன், அவரும் வந்து நிக்கிறாரு. நாங்க ரெண்டு பேருதான். இந்தப் பையில அந்தப் பொம்ம டப்பாவத்தான் துணி சுத்தி வச்சிருக்கேன். என்னமோ தெரியல தம்பி, மனசு கேக்கல. கிட்டப் போயி, அண்ணே, அது வெறும் டப்பாண்ணே, உள்ள ஒண்ணும் இல்லண்ணேன்னு சொல்லிட்டேன்.

"தெரியும்"னாரு.

எப்பத்துல இருந்துண்ணேன்னு கேட்டேன். மாட்டுன அன்னைக்குல இருந்து தெரியுமாம். நாளெல்லாம் அதுக்கு அடியிலயே உக்காந்திருக்கவனுக்கு அதுல வயரு இல்லன்னு தெரியாதான்னாரு. அப்ப ஸ்டேசன்ல, கேமராவுல நீ இருக்கன்னு சொல்லித்தான அடிச்சாங்க, அது வெத்து டப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்குச் சாயங்காலமே விட்டிருப்பாங்களே, ஏண்ணே சொல்லலன்னேன்.

"சொன்னா ஒன்னப் புடிச்சிட்டு வந்திருப்பாங்க. ஒனக்குத் தாங்காது"ன்னாரு.

எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. கூடப் பொறந்தவன் செய்வானா? ரெண்டு நாளு தரையில உக்காந்து, வாங்குறதையும் வாங்கிக்கிட்டு, என்னக் காட்டிக் குடுக்காம இருந்திருக்காரு. அப்புறம் எதுக்குண்ணே இந்த மனுன்னேன். அதுக்கு அவரு சொன்னாரு: "டப்பாவப் பத்தி நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நானும் சொல்ல மாட்டேன். அத எப்பவோ கழட்டிட்டேன்னு சொல்லிக்க. நான் எதுக்கு அந்தச் சீட்டுல கை வச்சேன்னு ஒனக்குத் தெரியும். அத நாலு பேரு முன்னால ஒன் வாயால சொல்லு. போதும்."

பஸ்சு வந்துருச்சு. நல்லவேளை. அவரு ஏறி அங்க உக்காந்தாரு. பக்கத்துல எடம் இருக்கத்தான் செய்யுது, இப்பவும் காலியாத்தான் இருக்கு பாருங்க. நான் இங்கிட்டு, எடது பக்கம் பின்னால வந்துட்டேன்.

சொல்றது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. தினமும் அட்ட போடுவாருங்க சார், அன்னைக்கும் அட்டதான் போட்டாருங்க சார். ரெண்டு வரி. ஆனா அந்த ஆபீசரு சும்மா இருப்பாரா? இத அன்னைக்கே ஏன் எஸ்.ஐ.கிட்ட சொல்லலன்னு கேப்பாரு. கேமராவுக்கு அது தெரியாது சார்னு சொல்லுவேன். நீ என்ன கேமராவான்னு கேப்பாரு. அதுக்கு என்ன தம்பி பதில் சொல்றது? காலையில இருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன், ஒண்ணும் தோணல. மெசின் கோளாறு, தப்பாக் காட்டிருச்சுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். எல்லாரும் நம்புவாங்க. யாருக்கும் நட்டம் இல்ல. இந்த டெக்னாலஜிய நம்புனா இப்படித்தான் ஆகும்னு நானும் நாலு வார்த்த அழுத்திச் சொல்லிட்டு வருவேன்.

ஏன் எந்திரிக்கிறீங்க? அவருகிட்டயா? வேணாம் தம்பி. உக்காருங்க. நான் உங்கள நம்பிப் பேசுனது, நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அவருக்கு எல்லாம் தெரியும், நீங்க போயிப் புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

மெதுவாப் பேசணும்னு இல்ல, சத்தமாவே பேசலாம். அவருக்குக் கேக்காது. ஸ்டேசன்ல ஒரே ஒரு அடிதானாம், எடது காதுல. அதுல இருந்து அந்தப் பக்கம் என்ன பேசினாலும் அவருக்குக் கேக்குறதில்ல. அதப் பாத்துத்தான் நான் இந்தப் பக்கம் வந்து உக்காந்தேன்.